வகுப்பறையை வௌவால் குகையாக்குவது: 2, 3ஆம் வகுப்புக்கு என்னென்ன செய்யலாம்?

கரும்பலகை:

வணக்கம். அரசு தொடக்கப் பள்ளி. 2, 3ஆம் வகுப்புகள் ஒரே அறையில், மொத்தம் 28 பிள்ளைகள். அறை 20க்கு 20 அடி, இரண்டு ஜன்னல், ஒரு மின்விசிறி, எட்டு டெஸ்க், இரண்டு ஜமுக்காளம். புரொஜெக்டர் இல்லை. பள்ளிக்குப் பின்னால் உள்ள ஆலமரத்தில் பழந்தின்னி வௌவால்கள் கூட்டமாகத் தொங்குகின்றன. பிள்ளைகள் கல் எறிகிறார்கள். "ரத்தம் குடிக்கும்", "முடியில மாட்டுச்சுன்னா மொட்டைதான் போடணும்" என்று பேசிக்கொள்கிறார்கள்.

ஐந்து நாள், தினமும் 40 நிமிடம் ஒதுக்க முடியும். படம் ஒட்டி, முகமூடி வெட்டி முடித்துவிட மனமில்லை. பிள்ளைகள் கொஞ்ச நேரமாவது வௌவாலாக இருந்து பார்க்க வேண்டும். இருட்டில் எப்படி வழி தெரிகிறது, எப்படித் தொங்குகிறது, அத்தனை கூட்டத்தில் குட்டியை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதெல்லாம் அவர்கள் கை, காது, மூக்கு வழியாகப் போக வேண்டும். எதிரொலியைச் சொல்லித்தர கண்ணைக் கட்டி விளையாடினால் அது வெறும் கண்ணாமூச்சியாக முடிந்துவிடுகிறது. அதை எப்படிச் சரிசெய்வது? வௌவாலிலிருந்து பரவக்கூடிய நிபா வைரஸ் பற்றி இந்த வயதுக்கு எவ்வளவு சொல்லலாம்? செலவு 500 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

ஆலமரத்தடி:

டீச்சர், முதல் நாளே வௌவாலை இரண்டு கூட்டமாகப் பிரித்துவிடுங்கள். இதைச் செய்யாததால்தான் பல வகுப்புகளில் எல்லாம் குழம்புகிறது. உங்கள் ஆலமரத்தில் இருக்கும் பெரிய பழந்தின்னி எதிரொலியை வைத்து வழி தேடுவதில்லை. அதற்குப் பெரிய கண், நல்ல மூக்கு. தெருவிளக்கைச் சுற்றி வளைந்து வளைந்து பறக்கும் சின்ன வௌவால்கள்தான் கத்தி, எதிரொலி கேட்டு, பூச்சி பிடிப்பவை. எதிரொலி விளையாட்டை நடத்திவிட்டு மரத்தைக் காட்டினால் பிள்ளைகள் தப்பாகவே மனதில் வாங்கிக்கொள்வார்கள். வகுப்பை "காது வௌவால்" 14 பேர், "மூக்கு வௌவால்" 14 பேர் என்று பிரித்து, மூன்றாம் நாள் மாற்றிவிடுங்கள்.

குகைக்கு உங்களிடம் இருக்கும் ஜமுக்காளமே போதும். இரண்டு ஜன்னல் கம்பிகளுக்கும் இடையே, தரையிலிருந்து 5 அடி உயரத்தில் கயிறு கட்டுங்கள். டெஸ்க்கில் கட்டாதீர்கள்; ஒரு பிள்ளை இழுத்தால் டெஸ்க் சாயும். கயிற்றுக்கு இரு பக்கமும், 4 அடி இடைவெளி விட்டு, மும்மூன்று டெஸ்க்குகளை வரிசையாகப் போட்டு, ஜமுக்காளத்தைக் கயிற்றின் மேல் போட்டு இரு பக்கமும் டெஸ்க் மேல் இறக்குங்கள். 8 அடி நீளக் குகை கிடைக்கும். இரண்டு முனையும் திறந்தே இருக்கட்டும். ஒரு நேரத்தில் 7 பேருக்கு மேல் வேண்டாம், ஐந்து நிமிடம் போதும். காலை 11 மணிக்குள் முடித்துவிடுங்கள். மதியத்தில், அதுவும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால், ஜமுக்காளத்துக்குள் பிள்ளைகள் வெந்துபோவார்கள். மெழுகுவர்த்தி, சாம்பிராணி இரண்டும் கூடவே கூடாது. டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித் தாளை இரண்டு மடிப்பாகப் போட்டு ரப்பர் பேண்டு மாட்டினால் மங்கிய சிவப்பு வெளிச்சம் வரும். முழு இருட்டைவிட இது நல்லது. கண் பழகப் பழக ஒவ்வொன்றாகத் தெரியும், அந்த நேரத்தில் பிள்ளைகள் தாமாகவே பேச்சைக் குறைத்துவிடுவார்கள்.

மேலே காகித வௌவால்களைத் தலைகீழாகத் தொங்கவிடும்போது சீராக இடைவெளி விட வேண்டாம். ஒரு மூலையில் இருபதை நெருக்கமாக, தள்ளி இரண்டு மூன்றைத் தனியாக மாட்டுங்கள். நிஜக் கூட்டம் அப்படித்தான் இருக்கும். எண்ணச் சொன்னால் கணக்குப் பாடமும் ஆகிவிடும்.

இனி உங்கள் கண்ணாமூச்சிப் பிரச்சினை. 14 பேர் கைகோத்து வட்டம், குறுக்களவு 4 மீட்டர். இடம் போதாவிட்டால் வேப்பமர நிழலுக்குப் போங்கள். நடுவில் ஒரு வௌவால், இரண்டு அந்துப்பூச்சி. வௌவால் "கீச்" என்றால் பூச்சி உடனே "டக்" சொல்ல வேண்டும். இதை இத்தோடு விட்டால் இரண்டு கோளாறு வரும். பூச்சி தானாகப் பேசுகிறது என்று பிள்ளைகள் நினைப்பார்கள். பிடிபடாமல் இருக்க, தாமதமாகவோ மெல்லவோ பதில் சொல்லி ஏமாற்றுவார்கள். இரண்டுக்கும் ஒரே மருந்து, சுவரையும் பேச வைப்பதுதான். வட்டத்தில் நிற்பவர்கள் தங்களுக்கு இரண்டு அடிக்குள் வௌவால் வந்து "கீச்" சொன்னால் "சுவர்" என்று திருப்பிச் சொல்லட்டும். சுவர் பேசுமா என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் இந்த விதி. "பேசாது, உன் சத்தம் பட்டுத் திரும்புது. பூச்சியும் அப்படித்தான்" என்று அப்போது சொன்னால் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாம் சுற்றில் சொல்லை எடுத்துவிட்டுக் கைதட்டல் வையுங்கள். தூரத்தில் இருந்தால் இரண்டு விரலால் மெல்ல, கிட்டே வந்தால் முழுக் கையால். மூன்றாம் சுற்றில் வேகம். வௌவால் தேடும்போது நிதானமாகக் கத்தட்டும், பூச்சி கிட்டே வர வர "கீச்கீச்கீச்" என்று நெருக்கட்டும். நிஜ வௌவாலும் தேடும்போது நொடிக்குப் பத்து முறை அளவில் கத்தி, பிடிக்கப் போகும் கடைசி நொடியில் நொடிக்கு 200 முறை வரை நெருக்கும். பூச்சி நகர்ந்துகொண்டே இருப்பதால் கடைசியில் புதுத் தகவல் வேகமாக வேண்டும். பிள்ளைகள் இதை விளையாடும்போது தாங்களே கண்டுபிடிப்பார்கள், முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.

கண் மறைக்க ஒரே துணியை மாற்றி மாற்றிக் கட்டாதீர்கள். மெட்ராஸ் ஐ ஒரு பிள்ளைக்கு இருந்தால் ஒரு வாரத்தில் வகுப்பே காலியாகும். சார்ட் தாளில் 60 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலப் பட்டை வெட்டி, தலை அளவுக்கு வளைத்துப் பசையால் ஒட்டுங்கள். நெற்றியில் கிரீடம், கீழே இழுத்தால் கண் மறைப்பு. ஆளுக்கு ஒன்று, பெயர் எழுதி வைத்துக்கொள்ளலாம். ஸ்டேப்ளர் பின் வேண்டாம். கண் மறைக்கப் பயப்படும் பிள்ளைக்கு முதலில் சுவர் வேலை, பிறகு பூச்சி வேலை கொடுங்கள்.

இரவுப்பறப்பு:

ஆலமரத்தடி சொன்ன விளையாட்டு நல்ல விளையாட்டு. ஆனால் கண்ணை மறைத்து ஆடியதும் முதல் வேலையாக ஒன்றைத் திருத்திவிட வேண்டும்: வௌவாலுக்குக் கண் தெரியும். எல்லா வௌவாலுக்கும் கண் உண்டு, பார்வையும் உண்டு. விளையாட்டில் மறைத்தது கண்ணை இல்லை, வெளிச்சத்தை. இதை விளையாட்டு முடிந்த கையோடு, கிரீடம் தலையில் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

சுவரில் ஒட்டும் சார்ட்டில் இன்னொன்றும் எழுதாதீர்கள். "ஒரு வௌவால் மணிக்கு 1000 கொசு தின்னும்" என்று எங்கும் சுற்றும் வரி அது. 1960இல் அமெரிக்காவில் அறைக்குள் கொசுவை விட்டு வௌவாலைப் பறக்கவைத்து, சில நிமிடங்களில் பிடித்ததை மணிக்கணக்காகப் பெருக்கிப் பார்த்ததிலிருந்து கிளம்பிய எண்ணிக்கை. வெளியில் வௌவால் அந்து, வண்டு, ஈசல், கொசு என்று கிடைப்பதைத் தின்னும். "ராத்திரி முழுக்கப் பூச்சி பிடிக்கும், அதில் பயிரைக் கெடுக்கும் பூச்சியும் உண்டு" என்று எழுதினால் உண்மையாகவும் இருக்கும், போதுமானதாகவும் இருக்கும்.

ரத்தம் குடிக்கும் வௌவால் உலகத்தில் 1,400க்கு மேற்பட்ட வகைகளில் மூன்றே மூன்று. மூன்றும் மெக்சிகோவிலிருந்து தென் அமெரிக்கா வரை உள்ள நிலத்தில் மட்டும். நம் நாட்டில் ஒன்றுகூட இல்லை. உலக உருண்டையைச் சுற்றிக் காட்டி, அந்த இடத்தில் ஒரு பொட்டு வையுங்கள். நம் ஊர் எங்கே, அது எங்கே என்று விரலால் அளக்கவிட்டால் பயம் பாதி போகும்.

சிறகுக்கு ஒரு யோசனை. இரண்டாம் வகுப்புப் பிள்ளை கையை விரித்தால் ஏறக்குறைய 120 செ.மீ. வரும். உங்கள் ஆலமரத்துப் பழந்தின்னியின் சிறகு விரிப்பும் 120 செ.மீ.யிலிருந்து 150 வரை. ஆகவே பிள்ளையின் கையளவே பாட உபகரணம். தரையில் சாக்பீஸால் மூன்று கோடு போடுங்கள்: 120 செ.மீ. பெரிய பழந்தின்னி, 40 செ.மீ. வாழைப்பூவுக்கு வரும் குட்டைமூக்குப் பழந்தின்னி, 20 செ.மீ. ஓட்டுச் சந்தில் இருக்கும் சின்னப் பூச்சிதின்னி. எடைக்கு மூன்று மணல் பொட்டலம் கட்டலாம். முதலாவதற்கு 1 கிலோ, இரண்டாவதற்கு 50 கிராம். மூன்றாவதற்கு மணலே வேண்டாம், உள்ளங்கையில் ஒரு ரூபாய் நாணயம் ஒன்றை வைத்தால் சரியாக இருக்கும். அந்த நாணயத்தை வைத்ததும் பிள்ளைகள் கையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார்கள், நேரம் கொடுங்கள்.

பழைய பருத்திப் புடவை ஒன்று 5.5 மீட்டர் நீளம். 90 செ.மீ.க்கு ஒரு துண்டாகக் கிழித்தால் ஆறு சிறகு. புடவை அகலம் கிட்டத்தட்ட 115 செ.மீ., அதுவே இரண்டு மணிக்கட்டுக்கும் இடையே சரியாக வரும். 14 பேர் ஒரு நேரத்தில் அணிய மூன்று புடவை போதும். மேல் ஓரத்தை இரண்டு மணிக்கட்டிலும், நடுவைக் கழுத்துக்குப் பின்னால் சட்டைக் காலரோடு துணி கிளிப்பாலும் மாட்டுங்கள். கழுத்தில் சுற்றிக் கட்டக் கூடாது. ஓடும்போது யாராவது மிதித்தால் இறுக்கும். கறுப்பு பிளாஸ்டிக் குப்பைப் பையை வெட்டிச் சிறகு செய்வதும் வேண்டாம். பிள்ளை தலையில் கவிழ்த்துக்கொண்டால் மூச்சு முட்டும்.

துணியைக் கட்டி ஓடினால் பறவையாகத்தான் ஓடுவார்கள். வௌவால் சிறகு என்பது கை, அதிலும் விரல்கள். இதைக் காட்ட ஒரு பிள்ளையைத் தரையில் படுக்கவைத்துச் சாக்பீஸால் வரைந்து, செய்தித்தாளை இறுக்கிச் சுருட்டிய குழல் நான்கை ஒரு கையின் நான்கு விரலிலிருந்து விசிறியாகப் பரப்புங்கள். குழலின் நீளம் அந்தப் பிள்ளையின் தலை உச்சியிலிருந்து இடுப்பு வரை, சுமார் 70 செ.மீ. வௌவாலின் நடுவிரல் ஏறக்குறைய அதன் உடம்பளவு நீளம் என்பதால் இந்த அளவு. கட்டைவிரலை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். அது தொற்றிக்கொள்ளும் கொக்கி. இனி குழல்களின் மேல் புடவைத் துண்டை விரித்தால் சிறகு எங்கிருந்து வருகிறது என்பது யாரும் சொல்லாமலே தெரியும்.

தொங்குவதைக் காட்டப் பிள்ளைகளைக் கம்பியில் தலைகீழாகத் தொங்கவிட யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் 12 செ.மீ. நீளம், 1.5 செ.மீ. அகலத்தில் பட்டை வெட்டி, மூன்று இடத்தில் மை தீர்ந்த பேனாவால் அழுத்திக் கோடு போட்டு மடியுங்கள். கோடுகளுக்கு இடையே 2 செ.மீ. காகித ஸ்ட்ரா துண்டுகள் நான்கை ஒட்டி, உள்ளே நூலைக் கோத்து, நுனியில் மட்டும் முடிச்சுப் போட்டு ஒட்டுங்கள். மடிப்புப் பக்கம் உள்ளாக இருக்கும்படி ஒரு கயிற்றின் மேல் கொக்கியாக மாட்டி, நூலின் கீழ் முனையில் இரண்டு அழிப்பான்களைக் கட்டித் தொங்கவிட்டால், எடை நூலை இழுத்து விரலை மடக்கிப் பிடித்துக்கொள்ளும். எடையைக் கையால் தூக்கினால் பிடி தளரும். வௌவாலின் காலிலும் இதுதான் நடக்கிறது. உடம்பின் எடையே தசைநாணை இழுத்து விரலைப் பூட்டிவிடுவதால் தூங்கும்போதும் விழாது, செலவில்லாத பிடி. இந்த மாதிரி வேலை செய்யாவிட்டால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: ஸ்ட்ரா துண்டுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் (மடிப்பில் அரை செ.மீ. இடைவெளி விடுங்கள்), அல்லது அட்டை தடிமனாக இருக்கும்.

"வௌவால் வீட்டுக்கு விருந்து போனா நீயும் தொங்கு, நானும் தொங்கு" என்ற சொலவடையை இந்த நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தொங்குவது ஏன் வசதி என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். பிடியை விட்டுக் கீழே விழுந்தபடியே பறக்கத் தொடங்கிவிடும். தரையிலிருந்து எழும்புவது பல வௌவால்களுக்குக் கஷ்டம்.

நிபா பற்றி. 2018இல் கோழிக்கோட்டில் வந்த பிறகு பெற்றோர் கேட்கத்தான் செய்வார்கள், மறைக்கத் தேவையில்லை. பெரிய பழந்தின்னி அந்த வைரஸைத் தாங்கி இருக்கக்கூடியது என்பது உண்மை. பிள்ளைகளுக்கு மூன்று வரி போதும்: தூர நின்று பார்க்கலாம், தொடக் கூடாது. கீழே கிடக்கும் கடிபட்ட பழத்தை எடுக்கவோ தின்னவோ கூடாது. வௌவால் விழுந்து கிடந்தால் பெரியவரைக் கூப்பிட வேண்டும். "அணில் கடிச்ச பழம்தான் இனிப்பு" என்ற பழக்கம் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. கடித்தது அணிலா வௌவாலா என்று யாரும் பார்ப்பதில்லை, அதனால் இரண்டாவது வரியை அழுத்திச் சொல்லுங்கள். வகுப்புக்குக் காட்டுவதற்காக மரத்தடியிலிருந்து சக்கை, எச்சம், இறந்த வௌவால் எதையும் எடுத்து வரக் கூடாது. பாழடைந்த மண்டபம், குகைக்குள் பிள்ளைகளைக் கூட்டிப் போவதும் வேண்டாம். காய்ந்த எச்சத் தூள் மூச்சில் போகும்.

மன்னார்_ரீச்சர்:

இரண்டு செயற்பாடுகள் சேர்க்கிறேன். இரண்டும் மூக்கு வௌவால்களுக்கு.

முதலாவது தாயும் குட்டியும். அமெரிக்காவின் டெக்சாஸில் பிராக்கன் குகையில் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட வௌவால்கள் கோடையில் கூடுகின்றன. குட்டிகள் சுவரில் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். இரை தேடிவிட்டு வரும் தாய், குட்டியை விட்ட இடத்துக்கு அருகில் இறங்கி, குரலையும் வாசனையையும் வைத்துத் தன் குட்டியைக் கண்டுபிடிக்கும். இதைப் பிள்ளைகளால் செய்து பார்க்க முடியும்.

14 பிள்ளைகளுக்கு ஏழு வாசனை: ஏலக்காய், கராம்பு, ஓமம், காப்பித்தூள், எலுமிச்சைத் தோல், கசக்கிய கறிவேப்பிலை, காய்ந்த மல்லிகைப்பூ. கொப்பித் தாளில் ஒரு தேக்கரண்டி வீதம் பொட்டலம் கட்டி, ஊசியால் பத்துத் துளை போடுங்கள். ஒவ்வொரு வாசனையிலும் இரண்டு பொட்டலம், ஒன்று தாய்க்கு, ஒன்று குட்டிக்கு. செய்தித்தாளில் கட்ட வேண்டாம், அதன் மை மணக்கும். பெருங்காயம் சேர்த்தால் மற்ற ஆறும் அதுவாகவே மாறிவிடும். சீரகமும் ஓமமும் ஒன்றாக வைத்தால் பெரியவர்களுக்கே பிரித்தறிய முடியாது. மிளகு, மிளகாய் வேண்டாம், தும்மல் வரும். எலுமிச்சைத் தோலைப் பஞ்சில் சுற்றிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் தாள் நனைந்து கிழியும். முதல் நாள் இரவே எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வைப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு, காலையில் எல்லாம் ஒரே வாசமாக இருக்கும். பாடத்துக்கு அரை மணி முன்பு கட்டித் தனித்தனி டப்பாவில் வையுங்கள்.

தாய்மார் தங்கள் பொட்டலத்தைப் பத்து விநாடி முகர்ந்துவிட்டு அதை ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு வெளியே போக வேண்டும். குட்டிகள் குகைக்குள் இடம் மாறி நிற்கட்டும். முதல் சுற்றில் வாசனை மட்டும். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு சோடியும் முன்பே பேசி வைத்த ஒரு சத்தமும் சேரட்டும். எந்தச் சுற்றில் சீக்கிரம் முடிந்தது என்று கரும்பலகையில் நேரத்தை எழுதுங்கள். பெரும்பாலும் இரண்டாவது சுற்று வேகமாக இருக்கும். ஆனால் எல்லாக் குட்டிகளும் ஒரே நேரம் கத்தினால் சத்தத்தால் பயன் குறையும். அதையும் பிள்ளைகள் சொல்வார்கள், அப்போது "குகையில் எத்தனை இலட்சம் குட்டி கத்தும்?" என்று கேளுங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளை இருந்தால் காப்பித்தூளை விட்டுவிட்டு அதன் இடத்தில் கறுவாப்பட்டைத் துண்டு வையுங்கள்.

இரண்டாவது பூ. இலங்கையில் எங்கள் பக்கத்தில் மன்னாரில் பெருக்க மரங்கள் (பாவோபாப்) நிற்கின்றன. அவற்றின் பெரிய வெள்ளைப் பூ இரவில்தான் விரியும், வௌவாலை எதிர்பார்க்கும் பூ. உங்கள் பக்கம் இலவ மரம், இலுப்பை, வாழை இருக்கும், அவையும் அப்படியே. ஆறு காகிதக் கோப்பைகளைப் பூவாக வையுங்கள், அடியில் நான்கு புளியங்கொட்டைகள், அதுதான் தேன். மூன்று பூவின் விளிம்பில் அரிசிமா, மூன்றில் குரக்கன் மா (கேழ்வரகு மாவு). கால் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். கூடினால் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகும். விரல் நுனியில் பஞ்சு சுற்றி ரப்பர் வளையம் போட்ட "வௌவால்" ஒவ்வொரு பூவிலும் ஒரு கொட்டை எடுக்க வேண்டும். இரண்டு சுற்று முடிந்ததும் வெள்ளை விளிம்பில் குரக்கன் மா இருக்கிறதா என்று பாருங்கள். யாரும் மகரந்தத்தைக் கொண்டுபோக நினைக்கவில்லை, தேனுக்குத்தான் போனார்கள் என்பதைப் பிள்ளைகளே கவனிக்க வேண்டும். மஞ்சள்தூளும் கோலப்பொடியும் வேண்டாம். முன்னது சீருடையில் போகாது, பின்னது கல்தூள்.

கரும்பலகை:

மிக்க நன்றி. புடவை, கல்யாணப் பத்திரிகை, கேழ்வரகு மாவு எல்லாம் வீட்டிலேயே இருக்கிறது, செலவு 200ஐத் தாண்டாது போலிருக்கிறது. இன்னும் மூன்று சந்தேகம். இருட்டுக்கு அழும் பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். மரத்தை நேரில் காட்டலாமா, எவ்வளவு தூரத்தில்? பழம் பற்றி ஒரு செயல்பாடு வேண்டும். கடிபட்ட பழம் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு என்ன செய்வது?

ஆலமரத்தடி:

அழும் பிள்ளைகளை முதல் நாள் குகை கட்டும் வேலையில் சேருங்கள். வெளிச்சத்தில் ஜமுக்காளத்தைத் தூக்கிப் போட்டவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். அவர்களை "டார்ச் காவலர்" ஆக்கி, சிவப்பு டார்ச்சை அவர்கள் கையிலேயே கொடுங்கள். எப்போது வேண்டுமானாலும் போடலாம் என்ற உரிமை இருந்தால் பெரும்பாலும் போட மாட்டார்கள். நுழைவாயிலிலேயே உட்கார்ந்து எண்ணிக்கை குறிப்பதும் முழுப் பங்குதான். உள்ளே இழுத்துவிடக் கூடாது. குகைக்குள் பயமுறுத்தும் சத்தம் போடும் பையன் ஒருவன் எல்லா வகுப்பிலும் இருப்பான், அவனுக்குத் தண்ணீர் சொட்டும் சத்தம் கொடுக்கும் வேலையைக் கொடுத்துவிடுங்கள்.

பழத்துக்கு நன்றாகக் கனிந்த கொய்யா மூன்று, மெல்லிய வெள்ளை வேட்டித் துணி. பழந்தின்னி பழத்தை மென்று, அண்ணத்தில் வைத்து நசுக்கிச் சாற்றை விழுங்கிவிட்டுச் சக்கையைத் துப்பிவிடும். நீங்கள் கொய்யாவைத் துணியில் கட்டி, பிள்ளைகள் முறைவைத்துப் பிழியட்டும். கிண்ணத்தில் சாறு, துணியில் சக்கை. சக்கைக்குள் விதை எத்தனை என்று குழுவாக எண்ணச் சொன்னால் நூற்றுக்கு மேல் போகும். ஆல், அத்தி மாதிரி மிகச் சின்ன விதைகள் சாற்றோடு வயிற்றுக்குள் போய், பறக்கும்போது எச்சத்தோடு எங்காவது விழும். ஓட்டு விளிம்பிலும் கோயில் கோபுரத்திலும் ஆலங்கன்று முளைத்திருப்பதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அதைக் காட்டி "இங்கே யார் நட்டது?" என்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள். காகம், மைனா என்றும் பதில் வரும், அதுவும் சரிதான்.

கொய்யா விதையைக் கழுவி மண்தொட்டியில் போடலாம். முளைக்க இரண்டு, மூன்று வாரமாவது ஆகும். ஐந்து நாளில் முளைக்கும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

இரவுப்பறப்பு:

மரத்தைக் கட்டாயம் காட்டுங்கள். 30 மீட்டராவது தள்ளி, மரத்தடிக்குப் போகாமல், காலை 10 மணிவாக்கில். சத்தம் போட்டுக் கலைத்தால் பறக்கும், அப்போது தாயின் மார்பைப் பற்றியிருக்கும் குட்டி நழுவி விழலாம். அந்தப் பெண் வௌவால் வருடத்துக்குப் பொதுவாக ஒரு குட்டிதான் போடும். கல்லெறிவதை நிறுத்த இந்த ஒரு செய்தி பிள்ளைகளிடம் வேலை செய்யும், கண்டிப்பைவிட.

பகலில் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். வெயில் ஏற ஏற அவை சிறகை விசிறியாக ஆட்டிக் காற்று வாங்கும், உடம்பை நக்கி நனைத்துக்கொள்ளும், சண்டை போடும். ஐந்து நிமிடத்தில் ஒரே வௌவால் எத்தனை முறை விசிறியது என்று எண்ணுங்கள். மறுநாள் வேறு நேரத்தில் எண்ணி வெயிலோடு ஒப்பிடலாம். இதற்குத் தொலைநோக்கி தேவையில்லை.

ஒரு காலத்தில் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திலேயே பழந்தின்னி வௌவால்கள் எலி, காக்கையோடு தீங்குயிர் பட்டியலில் இருந்தன. 2022 திருத்தத்தில் அந்தப் பட்டியலே எடுக்கப்பட்டுவிட்டது. பெற்றோரில் யாராவது "இதையெல்லாம் விரட்டணும்" என்றால் சொல்ல இது உதவும். மேகமலையில் மட்டும் முதலில் கிடைத்து, 1972இல் புது இனமாக அறிவிக்கப்பட்டு, பறவையியலாளர் சாலிம் அலி பெயரைத் தாங்கும் பழந்தின்னி வௌவால் ஒன்று இருக்கிறது. தேனிப் பக்கத்து மலை என்று வரைபடத்தில் காட்டுங்கள். பிள்ளைகளுக்குப் பெருமையாக இருக்கும்.

நான்காம் நாள் வீட்டுப்பாடமாக மாலைப் பார்வை கொடுங்கள். பெரியவர் ஒருவரோடு, வீட்டு வாசலிலோ மாடியிலோ, பொழுது சாய்ந்து 15 நிமிடம் கழித்துத் தொடங்கி 20 நிமிடம். நோட்டில் ஒரு பக்கத்தை இரண்டாக மடித்தால் போதும். இடப்பக்கம் தெருவிளக்கைச் சுற்றி வளைந்து பறப்பவை, வலப்பக்கம் உயரத்தில் நிதானமாகச் சிறகடித்து நேராகப் போகும் பெரியவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. பெரியவை எந்தத் திசையில் போகின்றன என்று அம்புக்குறி. அதே வௌவால் விளக்கைச் சுற்றித் திரும்பத் திரும்ப வரும், அதனால் கோடுகள் ஏராளமாகக் கூடும். ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை தெரிந்தது என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். இருட்டத் தொடங்கும் நேரத்தில் தகைவிலான் பறவைகளும் பறந்துகொண்டிருக்கும். சறுக்கிக்கொண்டு போனால் தகைவிலான், இடைவிடாமல் படபடத்துத் திடீர் திடீரென்று திரும்பினால் வௌவால்.

ஐந்தாம் நாள் 28 நோட்டையும் தரையில் விரித்து, ஊர் வரைபடத்தைச் சாக்பீஸால் போட்டு, அம்புக்குறிகளை அவரவர் தெருவில் வைக்கச் சொல்லுங்கள். உங்கள் ஆலமரத்திலிருந்து கூட்டம் எந்தப் பக்கம் இரைக்குப் போகிறது என்று தெரிந்துவிடும். மழை பெய்த மாலை என்றால் அன்று பார்க்கச் சொல்லாமல் மறுநாளுக்குத் தள்ளிவிடுங்கள்.